ஆம்ப் மீட்டர் ஊசியும் திருவொற்றியூர் புல்லட்டும்

பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் "அதில் அப்படி என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, அந்தச் சத்தம். இன்னொன்று, அந்தக் கம்பீரம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் போதாது. சத்தமும் கம்பீரமும் லாரிக்கும்தான் உண்டு. லாரியை வீட்டு வாசலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் துணியும் கையுமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்ததில்லை.

புல்லட்டின் சத்தம் மனிதனின் இதயத்துடிப்பைப் போல இருக்கிறது என்று எழுதாத ஆள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போமே. அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உள்ளே தீப்பொறி வெடிக்கும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 600 சுற்று என்று மிக மெதுவாக ஓட விட்டால்கூட 300 'டப்' வரும். மனிதனுக்கு 72 போதும். 300 துடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். ஆகவே இதயக் கதையை விட்டுவிடுவோம். அந்த ஒவ்வொரு 'டப்'பும் தனித்தனியாகக் காதில் விழுவதற்குக் காரணம் வேறு. ஒரே ஒரு சிலிண்டர். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஓட்டம் நீளம். உள்ளே கனமான ஃப்ளைவீல். இப்படிப்பட்ட எஞ்சின் அவசரப்படாது. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை கொடுக்கும். நான்காவது கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, கியரைக் குறைக்காமலே மறுபடி வேகம் பிடிக்கும். ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

நான் சொல்ல வருவது சத்தத்தைப் பற்றி அல்ல, ஸ்டார்ட் செய்வதைப் பற்றி. இன்று முப்பது வயதில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். சாவியைப் போட வேண்டும். ஹெட்லைட் தலையில் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆம்ப் மீட்டர் இருக்கும். கிக்கரைக் காலால் மெதுவாக, உதைக்காமல், அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் பாறையில் இடித்ததுபோல நின்றுவிடும். பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோல் ஆவியையும் நெருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆம்ப் மீட்டர் ஊசியைப் பார்க்க வேண்டும். காண்டாக்ட் பாயிண்ட் மூடியிருக்கும்வரை ஊசி இடது பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். அப்போது இடது கையால் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தால் வால்வு வழியாக 'புஸ்' என்று காற்று வெளியேறும். பிஸ்டனை உச்சியைத் தாண்டி ஒரு நூல் அளவு இறக்கிவிட்டு, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வர விட்டு, பிறகு முழு எடையும் போட்டு ஒரே உதை. சரியாகச் செய்தால் ஒல்லியான ஆளுக்கும் முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும். தவறாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். எங்கள் அலுவலகத்தில் ஆறடி உயரமுள்ள ஒருவர், பலத்தாலேயே காரியத்தை முடிக்கலாம் என்று நம்பி, மூன்று வாரம் கணுக்காலில் கட்டோடு வந்தார். அதே வண்டியை அவருடைய மாமனார், ஐம்பது கிலோகூட இருக்க மாட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே உதையில் கிளப்புவார்.

கவனியுங்கள், வண்டி கிளம்புவதற்கு முன்பே ஓட்டுபவருக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது: கண்ணுக்குத் தெரியாத அந்த இரும்புக்குள் பிஸ்டன் இந்த நொடி எங்கே இருக்கிறது என்று. மற்ற எந்த வாகனத்தின் சொந்தக்காரருக்கும் இது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பழைய மோட்டார் சைக்கிளின் கவர்ச்சி என்று எல்லோரும் சொல்வது இதுதான் என்பது என் அபிப்பிராயம். நம் மனது வேறெங்கோ இருந்தால் அது கிளம்பாது. அதன் மேல் உட்கார வேண்டுமானால் நாமும் அங்கே இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் குணத்தை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. ஊரும் காலமும் அரசாங்கக் கொள்கையும் சேர்ந்து செய்த காரியம் அது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெட்டிச் என்று ஒரு ஊர். ஊசி செய்வதில் பேர்போன ஊர். நம் பாட்டிமார்கள் துணி தைத்த சீமை ஊசிகளில் கணிசமானவை அங்கிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சைக்கிளுக்கு மாறியது. கை மாறி, என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தமும் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் வைத்துக்கொண்ட பெயர்தான் ராயல் என்ஃபீல்டு. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும், பீரங்கிச் சின்னமும் அதன் வழியாக வந்தவை. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் புல்லட் என்ற பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்து வந்த புல்லட்தான் நமக்குப் பழக்கமான உருவம். அந்தக் காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாக இருக்கும், முதுகெலும்புதான் சஸ்பென்ஷன். அதனால் புல்லட் அன்றைக்குப் புதுமையான வண்டி என்பதை மறந்துவிடக் கூடாது.

சென்னையில் 1949-ல் கே.ஆர். சுந்தரம் ஐயர் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கி இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றார். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம். எல்லையில் ரோந்து போவதற்கு ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் 350 சி.சி. புல்லட்டை நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். அதே சமயம், வெளிநாட்டிலிருந்து சும்மா வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, இங்கேயே செய்ய வேண்டும் என்பது அரசாங்கத்தின் நிலை. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழும்பி, 1956-ல் வேலை தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். அந்த வருஷக் கடைசிவரை செய்தது 163 வண்டி. அடுத்த வருஷமே அச்சுகளும் கருவிகளும் வரத் தொடங்கின; அறுபதுகளில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

வடசென்னைக்காரர்களுக்கு அந்தச் சாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூரில் லேலண்டு. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., அது பலூன் செய்து தொடங்கிய கம்பெனி. தீப்பெட்டி செய்த விம்கோ, அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. நடுவில் புல்லட். லாரி, டயர், தீக்குச்சி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில். எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் அடங்கியிருப்பதும் அதே ஊர்தான். காதற்ற ஊசியைப் பற்றி அவருக்கு ஒரு கதை உண்டு. ஊசிக்கார ஊரிலிருந்து வந்த வண்டி அவர் சமாதிக்கு அருகில் வந்து சேர்ந்ததை நினைத்து நான் சில சமயம் சிரித்துக்கொள்வதுண்டு.

இனித்தான் விஷயம். இங்கிலாந்தில் அறுபதுகளில் என்ன நடந்தது? ஜப்பான்காரன் வந்தான். எண்ணெய் ஒழுகாத, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டிகளைக் கொண்டுவந்தான். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. தாய் வீடு இடிந்துவிட்டது. ஆனால் கட்டிக்கொடுத்த பெண் திருவொற்றியூரில் சௌக்கியமாக இருந்தாள். இறக்குமதிக்குத் தடை, புதிய உற்பத்திக்கு லைசென்ஸ், போட்டி என்றால் ஜாவாவும் ராஜ்தூத்தும்தான். ராணுவமும் போலீசும் நிரந்தர வாடிக்கையாளர்கள். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. செய்வதெல்லாம் விற்றுவிடும் என்னும்போது எதற்காக மாற்ற வேண்டும்? 1950-களின் வண்டி 1960-களிலும், 70-களிலும், 80-களிலும் ஏறக்குறைய அப்படியே வந்துகொண்டிருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், மேலே ஒன்று கீழே மூன்று, குதிகாலால் அழுத்தி நியூட்ரலைப் பிடிக்கும் சின்ன லீவர், டாங்கின் மேல் கையாலேயே தூரிகை பிடித்து இழுத்த தங்கக் கோடு.

1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகத் தொடங்கியது. அங்கே வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள்? புதிதாக ஒரு பழைய வண்டி கிடைக்கிறதே என்பதற்காக. நமக்கு அது பழசு என்று அப்போது தோன்றவே இல்லை. நமக்கு அதுதான் மோட்டார் சைக்கிள். பழமை என்பதைக் கண்டுபிடித்தவன் வெளியூர்க்காரன். நம்மிடம் வேறு எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு உண்மையை இன்றைய புல்லட் புராணங்களில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நமக்கு அந்த ஞானோதயம் எண்பதுகளின் நடுவில் வந்தது. 1984-ல் இந்த்-சுசுகி. 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100. ஆர்.எக்ஸ். 100-க்கு 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். புல்லட்டுக்கு 346 சி.சி.யில் 18 குதிரைத்திறன், எடை அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். சிக்னலில் பச்சை விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? ஹீரோ ஹோண்டாவின் விளம்பரம் இன்னும் சாமர்த்தியம். பெட்ரோலை ஊற்றுங்கள், மூடியை மூடுங்கள், பிறகு வண்டியை மறந்துவிடுங்கள் என்பது அதன் சாரம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதற்காகச் சொன்னார்கள். ஆனால் மறந்துவிடுங்கள் என்ற சொல்லில் ஒரு யுகமே மாறியது. அதுவரை மோட்டார் சைக்கிள் என்பது மறக்க முடியாத பொருள். பாயிண்ட் கருகியிருக்கிறதா, டேப்பட் இடைவெளி கூடிவிட்டதா, செயின் தொங்குகிறதா, பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று மனதின் ஒரு மூலையில் எப்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மறத்தலையும் மறவாமையையும் வைத்து அமெரிக்காவில் ஒருவர் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். ராபர்ட் பிர்சிக். 1968-ல் பையனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவரை ஓட்டிப்போன பயணத்தை வைத்து எழுதி, 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1974-ல் வெளிவந்தது. தலைப்பில் ஜென் என்று இருப்பதால் ஆன்மிகப் புத்தகம் என்று வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. அதில் ஒரு சம்பவம். கூடவே வந்த நண்பரின் வண்டி உயர்ந்த ரக பி.எம்.டபிள்யூ. அதன் ஹேண்டில்பார் பிடிப்பு தளர்ந்து நழுவுகிறது. பீர் டின்னின் தகட்டில் ஒரு துண்டை வெட்டி இடையில் செருகினால் இறுகிவிடும் என்கிறார் பிர்சிக். நண்பருக்குக் கோபமே வந்துவிடுகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்குப் பீர் டின்னா? நம் ஊர் மெக்கானிக் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார். தபால் கார்டு நுனியால் பாயிண்ட்டைத் துடைத்து வண்டியைக் கிளப்பியவர்கள் நாம்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பிர்சிக் ஓட்டியது பழைய இங்கிலீஷ் வண்டி அல்ல, ஜப்பான் ஹோண்டா. அதாவது கவனம் என்பது வண்டியின் வயதில் இல்லை, ஓட்டுபவரிடம் இருக்கிறது. விரும்பினால் சி.டி. 100-ஐயும் அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டி உங்களைக் கட்டாயப்படுத்தாது. புல்லட் கட்டாயப்படுத்தும். பெரும்பாலான மனிதர்கள், நானும் அதில் அடக்கம், கட்டாயம் இல்லாவிட்டால் எதையும் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, பொற்காலம் போய்விட்டது என்று நான் புலம்புவதாக நினைக்க வேண்டாம். அந்த டிரம் பிரேக்கை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. மழையில் நனைந்துவிட்டால் பிரேக் பிடிப்பது ஒரு வேண்டுதல் மாதிரி. ஆறு வோல்ட் விளக்கின் வெளிச்சத்தில் எதிரில் வரும் மாட்டைவிட மாட்டின் மணியோசைதான் முன்னால் தெரியும். நிறுத்திய இடத்திலெல்லாம் கையெழுத்துப்போல ஒரு சொட்டு எண்ணெய். பெண்கள் அதை ஓட்டுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சாதாரண சம்பளக்காரருக்கு எட்டவும் இல்லை. நம் கிராமங்களில் வாழ்க்கையை மாற்றிய வண்டி எது என்று கேட்டால் நான் தயங்காமல் 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 என்பேன். பால் கேனும், கீரைக்கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறியது அதில்தான். அதற்கு யாரும் புராணம் பாடுவதில்லை.

மெக்கானிக் கடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே "புஷ் ராடு லூஸ், உள்ளே வாங்க" என்ற மேதைகளை நான் பார்த்திருக்கிறேன். கருவி எதுவும் இல்லாமல், ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நோயைச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் எப்படி அந்த வித்தையைக் கற்றார்கள்? பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாக, சம்பளம் இல்லாமல், டீக்கும் திட்டுக்கும் இடையில். அந்த வித்தை அழிகிறதே என்று வருத்தப்படுபவர்கள், தன் பேரனை அப்படி அனுப்புவார்களா என்று யோசித்துவிட்டு வருத்தப்படலாம். அந்தக் கடைகளில் பையன்கள் இப்போது படிக்கப் போய்விட்டார்கள். நல்லது.

மீதிக் கதை வேகமானது. தொண்ணூறுகளில் டீசல் புல்லட் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? ஆறரைக் குதிரைத்திறன். ஓட்டமெல்லாம் பம்புசெட் போலத்தான்; ஆனால் மைலேஜுக்காக வியாபாரிகள் விரும்பி வாங்கினார்கள். 1994-ல் ஐஷர் கம்பெனி என்ஃபீல்டு இந்தியாவை எடுத்துக்கொண்டது. 2000 வாக்கில் மூடிவிடலாமா என்ற பேச்சுவரை வந்து, சித்தார்த் லால் என்ற இளைஞர் பொறுப்பேற்று நிமிர்த்தினார். கியர் இடது காலுக்குப் போனது. பொத்தான் ஸ்டார்ட் வந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த புதிய எஞ்சினோடு 2009-ல் கிளாசிக் வந்தது. பார்ப்பதற்கு 1950, உள்ளே அப்படி இல்லை. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை. 2018-19-ல் ஒரே வருஷத்தில் 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. 163-ல் தொடங்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புதிய எஞ்சின் வந்தபோது சில புல்லட் மாடல்களில் ஆம்ப் மீட்டரை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். காண்டாக்ட் பாயிண்ட் இல்லை, எலக்ட்ரானிக் இக்னிஷன். அதனால் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அந்த ஊசியால் சொல்ல முடியாது. ஹாரன் அடித்தால், இண்டிகேட்டர் போட்டால் அசையும். அவ்வளவுதான். ஒரு இளைஞரிடம் அது எதற்கு என்று கேட்டேன். "அழகுக்கு அங்கிள்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டிய பிள்ளை, பிஸ்டனைத் தேடிக்கொண்டா இருப்பார்? ஆனால் அவர் விலை கொடுத்து வாங்கியது அந்தப் பழைய வண்டியின் முகத்தைத்தான். அது கேட்ட வேலையை அவர் வாங்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிந்திருந்தால் போதும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டுக் கொட்டகையில் பழைய புல்லட் ஒன்று சாக்குப் போர்த்தி நின்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒரு விஷயம். பல வருஷம் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் உதைக்காதீர்கள். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழற்றித் துடையுங்கள். மற்ற பழைய இங்கிலீஷ் வண்டிகளைப்போல இதற்கு எண்ணெய்க்குத் தனி டாங்க் கிடையாது, எஞ்சின் அடிப்பெட்டியிலேயே ஓர் அறைதான். நீண்ட நாள் நின்றால் அங்கிருந்து எண்ணெய் மெல்ல இறங்கி ஃப்ளைவீல் பக்கம் போய்த் தேங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் காலை பிளக் போடாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இறங்கினால் உள்ளே எல்லாம் சுகம். இறங்காவிட்டால் பலவந்தம் வேண்டாம், இன்னொரு ராத்திரி ஊறட்டும்.